பாதி முடி போதும்

உன் தங்கைக்கு முடி எப்படி இருந்தது என்று பொய்முடி செய்கிற அம்மாள், மாதாம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. அடர்த்தி, நல்ல அடர்த்தி, பின்னினால் என் மணிக்கட்டுத் தடிமன் இருக்கும் என்றேன்.

ரோஸ் ஹில் ஊரில் அவள் வீட்டு முன்னறைதான் கடை. நாடகம் போடுகிறவர்களும் வழுக்கை விழுந்த வெள்ளைக்காரச் சீமாட்டிகளும் அங்கே வருவார்கள். வலைத்துணியில் ஒவ்வொரு முடியாகக் கோத்து முடிச்சுப் போடுவாள். என் முன்னால் மூன்று துண்டுகளை வைத்தாள். முதல் துண்டில் முடிக்கு நடுவே வலை நன்றாகத் தெரிந்தது, இரண்டாவதில் கொஞ்சம் தெரிந்தது, மூன்றாவதில் தெரியவே இல்லை. உச்சி வகிடு எடுக்கிற பெண் என்றால் முதலாவது போதும், மூன்றாவது மேடையில் தூரத்தில் நிற்கிறவர்களுக்கு என்றாள். நான் மூன்றாவதைத்தான் தொட்டேன். பெண்ணை ஒருமுறை அழைத்து வா என்றாள். முடியாது, கல்யாணப் பெண், தெருவில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று வெடுக்கென்று சொன்னேன். தங்கையின் தலையை அளந்த நூலைத்தான் கொண்டு போயிருந்தேன். அவள் மேசையில் கிடந்த பின்னலைப் பார்த்தாள், பிறகு கிராப்பு வெட்டிய என் தலையைப் பார்த்தாள், தோளைக் குலுக்கிவிட்டு நூலை எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பின்னல் என்னுடையது. அன்று காலையில் நானே கத்தரியை எடுத்து வெட்டிக்கொண்டேன். கல்யாணம் வைத்த வீட்டில் ஒரு பெண் தன் முடியை அறுத்துக்கொண்டு நின்றால் அம்மா சும்மா இருப்பாளா? தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு போய், தங்கச்சி கல்யாணம் நல்லபடி நடக்கப் பெரியவள் முருகனுக்கு முடியை நேர்ந்துகொண்டாள் என்று எங்கள் ரோஷ் புவாப் பேட்டை முழுவதும் சொல்லிவிட்டு வந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தி, என் பிள்ளைக்கும் வேலை கிடைக்க வேண்டிக்கோம்மா என்றாள். நான் திருடி மாதிரி நின்றேன்.

நேர்த்திக்கடனாவது ஒன்றாவது. காய்ச்சல் முதலில் எனக்குத்தான் வந்தது. டைபாய்டு. ஒரு மாதம் படுக்கையில் கிடந்தபோது என் துணியை அலசியது, வாந்தியை அள்ளியது, என் வாயிலிருந்து வந்த திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டது எல்லாம் தங்கைதான். வீட்டில் எங்கள் பேச்சு தீவின் பிரெஞ்சுக் கலப்பு மொழியான கிரியோல்தான். உறவும் சாமியும் திட்டும் மட்டும் தமிழ், அதில் திட்டு என் பங்கு. கஞ்சி உப்பில்லை என்று ஒருநாள் கிண்ணத்தைத் தள்ளிவிட்டேன். வீணாகக் கூடாதென்று மிச்சத்தை அவள் குடித்தாள். நான் எழுந்து உட்கார்ந்த வாரத்தில் அவள் படுத்தாள். எனக்கு வந்ததைப் போல இரண்டு மடங்கு. அவள் பிழைத்து எழுந்தபோது தலையணையெல்லாம் முடி. என் தலையில் ஒன்றுகூடக் குறையவில்லை. சீப்பை எடுக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசியது.

யார் மேலும் தப்பில்லை, முடி தானாக வளரும், பொறுங்கள் என்றார் டாக்டர். மாப்பிள்ளை வீடு பொறுக்குமா? மோகா பக்கம் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் மகளுக்கு அப்படி ஓர் இடம் இன்னொரு தடவை வராது. நோய் என்று காதில் விழுந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவார்கள் என்று அம்மா பயந்தாள். தைப்பூசம் கழிந்ததும் கல்யாணம் என்று பேசியாயிற்று. தீவெங்கும் சுதந்திரம் வேண்டும், வேண்டாம் என்று கூட்டம் போட்டுக் கத்திக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் வீட்டில் முடியைத் தவிர வேறு பேச்சே இல்லை.

பொய்முடி வந்தது. தங்கையின் தலையில் வைத்து, வகிடு எடுத்து, பின்னிவிட்டேன். பின்னல் இடுப்பைத் தொட்டது. மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள் என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மார்பில் கிடந்த கல் இறங்கியது போல இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மாதங்களில் நான் வயிறாரச் சாப்பிட்டது அன்று ஒருநாள்தான்.

தங்கை கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, இது உன் தலை" என்றாள்.

முடி என்னுடையதுதானே, வேறெப்படி இருக்கும் என்று எரிந்து விழுந்தேன்.

"அதச் சொல்லல. எனக்கு எப்பக்கா இவ்ளோ முடி இருந்திச்சி? எலிவால் எலிவால்னு என்னைக் கேலி பண்ணதே நீதான்."

ஆமாம். எலிவால்தான். சிறு வயதிலிருந்து நான் வைத்த பெயர். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா, முடிதான் கொஞ்சம் கம்மி, பரவாயில்லை, முகம் லட்சணமா இருக்கு என்று சொன்னதும், அதற்காக நான் சமையலறையில் பாத்திரங்களை உருட்டியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. காய்ச்சல் வந்த நாளிலிருந்து எனக்குள் அவள் முடி வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. என்னால் போனது என்று நினைக்க நினைக்க அடர்த்தியாகி, கடைசியில் என் முடி அளவுக்கு வந்து நின்றுவிட்டது. அம்மாவும் அதை நம்பிவிட்டாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மஞ்சள் பூசுவார்கள். இரண்டு வீட்டுச் சுமங்கலிகளும் அறுகம்புல்லை எண்ணெயில் தோய்த்துப் பெண்ணின் உச்சந்தலையில் தொட்டு வைப்பார்கள். முதலில் வைப்பது மாப்பிள்ளையின் அம்மா. கம்மி என்று சொன்ன அதே மனுஷி, இந்தக் காட்டை முகத்துக்கு நேராகப் பார்க்கப்போகிறாள். கல்யாணம் அங்கேயே நின்றுபோகும்.

மறுநாள் தங்கை தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, என்னைக் கேட்காமலே, ரோஸ் ஹில் பஸ்ஸில் ஏறினாள். நான் பின்னாலேயே ஓடினேன். மாதாம் தங்கையை உட்கார வைத்து, மூன்றாவது துண்டின் அடர்த்திக்கு நான் செய்யச் சொன்னதை ஊசி முனையால் நெம்பி நெம்பி முதல் துண்டின் அளவுக்குக் கொண்டு வந்தாள். ஒவ்வொரு முடிச்சு கழன்றபோதும் போதும், போதும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் எடுங்க என்று தங்கை சொல்லிக்கொண்டிருந்தாள். எடுத்த முடியைக் காகிதத்தில் சுற்றி மாதாம் என் மடியில் வைத்தாள். பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. கொடுத்ததை முகத்தில் விட்டெறிந்தது போல எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் வீடு வரும்வரை அவளோடு பேசவில்லை.

மஞ்சள் பூசுகிற அன்று மாப்பிள்ளையின் அம்மா புல்லைத் தோய்த்துத் தங்கையின் வகிட்டில் வைத்தாள். நான் பின்னால் நின்றேன். எண்ணெய் வழிந்தது. அந்தம்மா குனிந்து பார்த்தாள், மெலிந்திருந்த கன்னத்தைத் தடவினாள், ரெண்டு மாசம் என் கையால் சாப்பிட்டால் தேறிவிடுவாய் என்றாள். முடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தப்பித்தோம் என்று அம்மா என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள்.

அப்புறம் அந்தம்மா என் பக்கம் திரும்பினாள். என் கட்டைத் தலையில் இரண்டு கையையும் வைத்தாள். கூட்டத்துக்கே கேட்கும்படி, கூடப் பிறந்தவளுக்காக முடியை நேர்ந்துகொடுத்த பெண், இப்படி ஓர் அக்கா யாருக்குக் கிடைக்கும் என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. பாசத்தில் அழுகிறாள் என்று நினைத்து அவர்களும் மூக்கை உறிஞ்சினார்கள்.

என் முகத்தைத் துடைக்க என்று தங்கையின் பின்னால் குனிந்தேன். முகமெல்லாம் மஞ்சளோடு, தலையை அசைக்காமல், அவள் மெதுவாகச் சொன்னாள்.

"நீ பொழைச்சி எந்திரிச்சப்ப நான் எவ்ளோ சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அன்னையிலேருந்து அதுக்குப் போயி எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருக்கியேக்கா."

நான் வாயைத் திறந்தேன். அதற்கும் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தது.