நிரந்தர முகவரி

கல்யாணப் பதிவு விண்ணப்பத்தின் அந்தக் கட்டத்தில் அவள் ஹாஸ்டல் முகவரியையே எழுதியிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அப்படித்தான் செய்தார். தற்போதைய முகவரி என்ற இடத்தில் லாட்ஜின் பெயர், நிரந்தர முகவரி என்ற இடத்திலும் அதே லாட்ஜ். எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டார். சின்னவளின் கைதான் கேட்கவில்லை. வீட்டு எண், தெரு, பழைய எண், தபால் நிலையம், மாவட்டம் என்று ஒன்று விடாமல் அழகாக எழுதியது.

வயது முப்பத்து மூன்று ஆகியும் வீட்டில் அவள் சின்னவள்தான். ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, துணியில் சுற்றி, நீராவிப் பெட்டியில் வேகவைத்து எடுக்கும் அறை அவள் பொறுப்பு. கடல் கடந்து ஏழு வருடம் இதே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். அங்கே அவள் சுற்றி அனுப்பிய பொட்டலங்களைத் திறந்து மருத்துவர் கையில் கத்தியும் கத்தரியும் எடுத்துக் கொடுத்தவர்தான் இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த ஆண் நர்ஸ். ஒருநாள் பொட்டலத்தின் மேல் ஒரு மிட்டாயை ஒட்டித் திருப்பி அனுப்பினார். சுத்தம் செய்த அறைக்குள் மிட்டாயா என்று அவள் போய்ச் சண்டை போட்டாள். அந்தச் சண்டை நாலு வருடம் நீடித்து, இந்தப் பதிவு அலுவலகம் வரை வந்திருக்கிறது.

அவரிடம் பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட். அவளிடம் இந்தியப் பாஸ்போர்ட். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவள் பயம் வந்தால் மட்டும் கோயிலுக்குப் போகிறவள்.

"ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் மாறிட்டா வேலை சுலபம்மா," என்று கிளார்க் அம்மா முதல் நாளே சொன்னார். நர்ஸின் அம்மாவும் வீடியோவில் அதையே வேறு மாதிரி கேட்டார். ஞானஸ்நானம் என்று ஒரே ஒரு தரம் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள என்ன கஷ்டம் என்று. இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்காக யாரும் சாமியை மாற்ற வேண்டாம் என்பதில் மட்டும் அவர்களுக்குள் சண்டை வந்ததே கிடையாது.

ஆகவே நீண்ட வழி. அவருடைய பிறப்புச் சான்று, இதுவரை கல்யாணம் ஆகாதவர் என்று அவர் நாட்டிலிருந்து முத்திரையோடு வந்த தாள், இவர் கல்யாணம் செய்துகொள்ளத் தடையில்லை என்று தூதரகம் கொடுத்த கடிதம், விசா, போட்டோக்கள், மூன்று சாட்சிகள். எல்லாவற்றுக்கும் மேலே முப்பது நாள் அறிவிப்பு. இருவர் பெயரும் படமும் முகவரியும் கண்ணாடிப் பலகைக்குள் முப்பது நாள் தொங்க வேண்டும். ஆட்சேபணை இருப்பவர் எழுதிக் கொடுக்கலாம்.

கிளார்க் அம்மா விண்ணப்பத்தைப் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, முத்திரை குத்தினார். அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டத்தைப் படித்தார்.

"நிரந்தர முகவரி வேற மாவட்டமா? அப்ப ஒரு காப்பி அங்க போகும். அங்கயும் பலகையில போடுவாங்க."

சின்னவள் சட்டென்று படிவத்தின் மேல் கை வைத்தாள்.

"அம்மா, அதை அடிச்சிட்டு வேற எழுதித் தரட்டுமா?"

"நம்பர் விழுந்துடுச்சே. வாபஸ் வாங்கி மறுபடி போடு. இன்னிக்கே வாபஸ் மனு போட்டாலும் அது மேலிடம் போய் வர பத்து நாள், அப்புறம் முப்பது நாள்."

நர்ஸின் விடுமுறை நாற்பது நாள். அதில் நாலு நாள் தாள்களுக்கே போய்விட்டது. அறிவிப்பு முடிந்தால் கையில் ஆறு நாள் மிச்சம். தவறினால் அடுத்த விடுமுறைக்கு இரண்டு வருடம், தூதரகக் கடிதமும் அதற்குள் காலாவதி.

"பரவாயில்லை," என்றார் நர்ஸ். அவருக்குத் தெரிந்த தமிழில் அதிகம் உழைக்கும் சொல் அதுதான். பஸ் தவறினாலும் பரவாயில்லை, பல் வலித்தாலும் பரவாயில்லை.

பரவாயில்லாத விஷயம் என்னவென்று அவருக்கு அப்போது தெரியாது. அவளுடைய அப்பா பத்திர எழுத்தர். சொந்த ஊர்ப் பதிவு அலுவலக வராந்தாவில், அந்தக் கண்ணாடிப் பலகைக்கு நேர் எதிரே, முப்பத்தைந்து வருடமாக மேசை போட்டிருக்கிறவர்.

படிவத்தில் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். "காலிக் கட்டம் திறந்து கிடக்கிற வாசல் மாதிரி. எவன் வேணா உள்ள பூந்துடுவான்," என்பார். பள்ளி விடுமுறையில் சின்னவளைத் தன்னோடு அலுவலகத்துக்கு அழைத்துப் போவார். பெரியவளுக்குக் கோழி கிறுக்கின கையெழுத்து. சின்னவள் எழுதினால் அச்சு. அதனால் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். காலையில் பலகையில் புதிதாக ஏறும் பெயர்களை, அப்பா பெயர், முகவரியோடு ஒரு நீள நோட்டில் எழுத வேண்டும்.

அவர் அந்த நோட்டைப் பார்த்து, தெரிந்த குடும்பம் இருந்தால் போன் செய்வார். "உங்க பொண்ணு பேரு பலகையில ஏறியிருக்கு. பெத்தவங்ககிட்ட சொல்றது என் கடமை." அதற்காகக் கை நீட்டி எதுவும் வாங்கியதில்லை. அதில் அவருக்குப் பெருமை.

பதின்மூன்று வயதில் சின்னவள் அந்த நோட்டில் போட்டோக்கடை அக்காவின் பெயரை எழுதினாள். ஸ்கூல் படிவத்துக்குப் படம் எடுக்கும்போது தன் சீப்பைக் கொடுத்து, "காதுக்குப் பின்னாடி தள்ளிக்கோ, அழகா இருக்கும்," என்று சொன்ன அக்கா. தெரிந்த பெயர் என்று கொஞ்சம் பெரிய எழுத்தாகவே எழுதினாள். இரண்டு நாள் கழித்துக் கடை பூட்டியிருந்தது. வெளியூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்றார்கள். எந்த ஊர் என்று யாரும் சொல்லவில்லை. அந்த அக்காவை அப்புறம் அவள் பார்க்கவே இல்லை.

இதை நர்ஸிடம் மறுநாள் கேன்டீனில் சொன்னாள். இந்தத் தடவை அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

அப்புறம் நாட்களை எண்ணுவதுதான் வேலை. போன் அடித்தால் கையில் இருக்கும் கத்தரி நழுவியது. வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறு காலை அப்பா பேசுவார். பன்னிரண்டாம் நாள் ஞாயிறு, போன் வரவில்லை. பத்தொன்பதாம் நாளும் வரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் யாராவது தாட்டியான ஆள் நின்றால் பின்வாசல் வழியாகப் போனாள். நர்ஸை லாட்ஜை விட்டுத் தனியாக வெளியே வரவேண்டாம் என்றாள். சாட்சிக்கு ஒத்துக்கொண்ட மூவரில் ஹாஸ்டல் தோழியும் அவள் அண்ணனும் உறுதி. மூன்றாமவரான லேப்காரர், "எனக்கும் பொண்ணு இருக்கும்மா, வம்பு வேண்டாம்," என்று கழன்றுகொண்டார்.

இருபத்திரண்டாம் நாள் அம்மா பேசினாள்.

"அப்பா வேலைக்கே போறதில்லடி. ரெண்டு வாரமாச்சு. யாரோடயும் பேசறதில்ல. உக்காந்து எழுதிட்டே இருக்காரு."

"என்னம்மா எழுதறாரு?"

"எனக்கு என்ன தெரியும். எழுதறாரு, கிழிக்கறாரு, மறுபடி எழுதறாரு. நீ ஏதாவது பண்ணினியா?"

சின்னவள் இல்லை என்றாள். அப்பா என்ன எழுதுகிறார் என்று அவளுக்குத் தெரியும். ஏற்கெனவே கல்யாணம் ஆனவர், வயது போதாது, நெருங்கிய ரத்த உறவு, இந்த மாதிரி காரணம் இருந்தால்தான் ஆட்சேபணை நிற்கும். ஆனால் காரணம் உண்மையா என்று விசாரித்து முடிக்கவே இன்னொரு மாதம் ஆகும். தடுத்து நிறுத்த ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் போதும். அது அவளைவிட அப்பாவுக்கு நன்றாகத் தெரியும்.

இருபத்தெட்டாம் நாள் பயம் தாங்காமல் அவளே பஸ் ஏறிவிட்டாள். வருவது வரட்டும், நேரில் வரட்டும் என்று.

முதலில் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடிக்குள் அவள் படம். பக்கத்தில் நர்ஸ், பாஸ்போர்ட் படத்துக்கே உரிய திருட்டு முழியோடு. எதிரே அப்பாவின் மேசை தூசி படிந்து கிடந்தது. அடுத்த மேசையில் முத்திரைத்தாள் விற்கும் அத்தை இருந்தாள். அலுவலகத்துக்கே அவள்தான் வானொலி.

"வா பாப்பா. படத்துல உன்னைவிட அவரு சிவப்பா இருக்காரு," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்கப்பா அன்னிக்குக் காலைல வந்தாரு. வழக்கம்போலப் பலகையைப் பாத்தாரு. கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டு மறுபடி பாத்தாரு. பையை எடுத்துக்கிட்டுப் போனவருதான். சாயந்திரத்துக்குள்ள அவருக்கு நாலு போனு. 'சார், உங்க பொண்ணு பேரு பலகையில'ன்னு. ஊருக்கெல்லாம் அவரு பண்ணின போன்தானே."

"ஆட்சேபணை ஏதாவது வந்துச்சா அத்தை?"

"இன்னும் இல்ல. சாட்சி மூணு பேரும் இருக்காங்களா?"

"ரெண்டு பேரு."

அத்தை உச்சுக்கொட்டினாள்.

வீட்டில் அப்பா ஜன்னலோர மேசையில் இருந்தார். மூன்று வாரத் தாடி. அவளைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. அம்மா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"தாளெல்லாம் கொண்டாந்தியா?" என்றார்.

கொடுத்தால் ஆயுதத்தைக் கையில் கொடுத்த மாதிரி. கொடுக்காவிட்டால் மறைக்கிறாள் என்றாகும். ஃபைலை மேசையில் வைத்தாள். அவர் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்து, முன்பக்கம் பின்பக்கம், முத்திரை, தேதி பார்த்தார். அந்த அரைமணி நேரமும் சின்னவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"இவரு எந்தக் கோயிலுக்குப் போவாரு?"

"சர்ச்சுக்குப்பா."

"நீ?"

"நான் பயந்தா கோயிலுக்குப் போவேன்."

"இப்ப?"

"தினமும் போறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "போட்டோக்கடைப் பொண்ணோட அப்பா போன் பண்ணினான். இருபது வருஷம் கழிச்சு. 'பெத்தவங்ககிட்ட சொல்றது கடமைன்னு நீங்கதான சார் சொன்னீங்க, அதான் சொல்றேன்'னான். வச்சுட்டான்."

"அந்த அக்கா எங்கப்பா இருக்காங்க?"

"கேட்டேன். அதுக்குத்தான் வச்சுட்டான்."

அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவள் முன் தள்ளினார். ஆட்சேபணை மனு. அடித்தல் திருத்தல் இல்லை. மணமகன் தன் நாட்டில் ஏற்கெனவே திருமணம் ஆனவர் என ஐயம் உள்ளதாகவும், முழுமையாக விசாரிக்க வேண்டும் எனவும். மனுதாரர் பெயர், தகப்பனார் பெயர், முகவரி, தேதி எல்லாம் இருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை.

"இது பொய்னு உங்களுக்குத் தெரியும்பா. இப்பதான் சான்றிதழைப் பாத்தீங்க."

"எழுதும்போது பாக்கல."

"போடப் போறீங்களா?"

"நாளன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு." தாளைத் திரும்ப எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். "நீயாவது அந்தக் கட்டத்துல பொய் எழுதியிருக்கலாமேடி. நான் பாத்திருக்கவே மாட்டேன்."

"நீங்க கத்துக்குடுத்ததுதானேப்பா."

அவர் ஃபைலைக் கட்டி, நாடாவை இரண்டு முடிச்சுப் போட்டு நீட்டினார். "மூணாவது சாட்சிக் கட்டம் காலியா இருக்கு," என்று மட்டும் சொன்னார். அது உதவியா, மிரட்டலா என்று பஸ் முழுக்க யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

முப்பதாம் நாள் மாலை ஐந்தரைக்குக் கிளார்க் அம்மாவிடம் கேட்டாள். ஒன்றும் வரவில்லை என்றார். ஆனாலும் அங்கே கொடுத்தது இங்கே வந்து சேர ஒருநாள் ஆகலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். அவள் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அலுவலகத்தில் நர்ஸ் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். தோழியும் அண்ணனும் வந்துவிட்டார்கள். மூன்றாவது ஆளுக்கு யாரைப் பிடிப்பது என்று சின்னவள் வராந்தாவில் தெரியாத முகங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாசலில் முத்திரைத்தாள் அத்தை வந்து இறங்கினாள். முகம் முழுக்க வேர்வை.

"முதல் பஸ்ஸு பாப்பா. கால் ரெண்டும் கெஞ்சுது. என் அடையாள அட்டை செல்லும்தான?"

"அப்பா அனுப்பினாரா அத்தை?"

"அனுப்பவும் இல்ல, வேண்டாம்னும் சொல்லல. நேத்து அஞ்சு மணி வரைக்கும் அந்த மேசையில வந்து உக்காந்திருந்தாரு. ஆபீஸைப் பூட்டினதும் இதைக் குடுத்தாரு. சாட்சிக்கு நானா வரப்போறேன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் குடுத்தாரு."

நீள உறை. பிரிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. தோழிதான் கிழித்தாள். அதே மனு. மடிப்புக் கலையாமல், தேதியோடு. கீழே கையெழுத்துக்கான இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. அப்பா கட்டத்தைக் காலியாக விட்டு அவள் பார்த்ததே இல்லை.

உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். அதிகாரி பதிவேட்டைத் திருப்பி வைத்தார். மணமகள் பெயர், தகப்பனார் பெயர், தொழில், தற்போதைய முகவரி. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

நர்ஸ் எட்டிப் பார்த்தார். "பரவாயில்லை?" என்றார். அந்தச் சொல்லை அவர் கேள்வியாகக் கேட்டு அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அப்பா அங்கே இல்லை. வீட்டு எண், தெரு, பழைய எண் என்று எழுத ஆரம்பித்தாள். தபால் நிலையம் எழுதும்போது இன்னொரு முறை திரும்பிப் பார்த்தாள்.