காயத்ரியின் ஸ்வெட்டர்

கொரோனாவுக்குப் பிறகு நாகலூர் எஸ்டேட்டில் ஆளைக் குறைத்தபோது ஆஷ்லினின் அப்பாவுக்கு வேலை போனது. சேலத்தில் படித்துக்கொண்டிருந்த ஆஷ்லின் இரண்டாம் ஆண்டோடு கல்லூரியை விட்டுவிட்டு, ஏற்காட்டில் ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலைக்குப் போனாள்.

மறுவருடம் அவளுடைய வகுப்பே அந்த ஓட்டலுக்கு டூர் வந்தது. அவள்தான் பூரி பரிமாறினாள். சாப்பிட்டதும் குரூப் போட்டோவுக்கு அவளையும் இழுத்தார்கள். ஓட்டல் யூனிஃபார்ம் தெரியாமலிருக்க, கூடப் படித்த காயத்ரி தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவளுக்குப் போட்டு, கழுத்துவரை பட்டனை மாட்டிவிட்டாள். நல்ல மனசுதான், குறை சொல்ல முடியாது.

"இப்பத்தாண்டி நீ பழைய ஆஷ்லின்."

போட்டோ எடுத்தார்கள். ஆஷ்லின் ஸ்வெட்டரை மடித்துக் கொடுத்துவிட்டு எச்சில் தட்டுகளை எடுக்கப் போனாள்.

"தெரிஞ்ச புள்ளைங்களா கண்ணு?" என்று மேனேஜர் கேட்டார்.

"இல்லீங்க. கஸ்டமருங்க."