ஒழுக்குப் பார்க்கப் போன அருளப்பு

யாழ்ப்பாணத் தீவுப்பக்கம் சுருவில் என்ற ஊரில், மீன்பிடிகாரர் அருளப்புவின் மறதியை முதலில் அறிந்தவை நண்டுகள்தான். போட்ட வலையை அவர் கடலெல்லாம் தேடித் திரிய, அவை வலைக்குள் கிடந்து காத்திருந்தன. கரையில் தெரியும் இரண்டு குறிகளை ஒன்றுக்கொன்று நேராகப் பிடித்தே அவர் வலை போடும் இடத்தை அறிவார். அந்தக் குறிகளைப் பெண்சாதி ஜசிந்தாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

2004, சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்திருந்த காலம். ஜசிந்தா அவரைக் கொழும்புக்குக் கூட்டிப்போனாள். மறதி தொடங்கியவர்களின் மூளையை அங்கே படம்பிடித்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

“இரத்தத்தில இருக்கிறதெல்லாம் மூளைக்குள்ள போகாமல் ஒரு தடுப்பு இருக்கு ஐயா,” என்றாள் இளம் டொக்டர் சிவரூபி. “சிலருக்கு அது கசியும். கையில மருந்து ஏத்திப் படமெடுத்தால் எங்க கசியுதெண்டு தெரியும். ஆராய்ச்சிதான். சுகமாக்கிற மருந்து எங்களிட்ட இல்லை.”

“ஒழுக்குப் பாக்கிறதெண்டு சொல்லுமன் பிள்ளை.”

ஜசிந்தா அதையே பிடித்துக்கொண்டாள். “ஒழுக்கெண்டு வந்தால் வள்ளத்தைக் கரையில கவிழ்க்கிறது. தனியக் கடலுக்குப் போற கதையே இல்லை. சம்மதமோ?”

“ஓம்,” என்றார். அந்த ஓமில் வில்லங்கம் இருந்தது.

காய்ந்த மரவள்ளம் ஒழுகும். ஊறவிட்டால் பலகை பருத்து இடைவெளி அடைபடும். ஸ்கான் எடுக்கும் காலையில், ஜசிந்தா அசந்த நேரம் பார்த்து, அருளப்பு வயிறு முட்ட இளநீர் குடித்தார். பிறகு பைப்பின் கீழே தலையைக் கொடுத்துக்கொண்டு கனநேரம் நின்றார்.

ஆடாமல் அசையாமல் கிடக்கவேண்டிய இயந்திரத்துக்குள் இளநீர் தன் வேலையைக் காட்டியது. அவர் நெளிந்தார், படம் கலங்கியது. வெளியே எடுத்தபோது கக்கூஸ் இருந்த திசையை மட்டும் அவர் மறந்திருக்கவில்லை.

“தலை ஏன் ஈரம்?” என்று ஜசிந்தா மடக்க, விஷயம் வெளியே வந்தது. சிவரூபி சிரிப்பை மறைக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த கிழமை, ஜசிந்தாவின் காவலில், மறுபடி எடுத்தார்கள். மெல்லிய கசிவு தெரிந்தது.

“சின்னன்தான் ஐயா. மறதிக்கு இதுதான் காரணமோ எண்டு எங்களுக்கே இன்னும் தெரியாது. அதைத்தான் தேடுறம்.”

சுருவில் கரைக்கு வந்ததும் ஜசிந்தா வள்ளத்தைக் கவிழ்க்கப் போனாள்.

“இஞ்சேரப்பா, சின்ன ஒழுக்குக்கு ஆர் வள்ளத்தைக் கவிழ்க்கிறது? தண்ணி இறைக்க ஒராளை ஏத்திக்கொண்டெல்லோ போறது.”

“அப்ப நான் ஏறுறன். குறியைச் சொல்லுங்கோ.”

அருளப்பு கடலைப் பார்த்தார், வள்ளத்தைப் பார்த்தார், கடைசியில் சொன்னார்.

மறுநாள் கடலில் கை நீட்டினார். “கோயில் சிலுவையை அந்த மொட்டைப் பனைக்கு நேர பிடிக்கவேணும்.”

“நேற்று இரட்டைப் பனையெண்டெல்லோ சொன்னனீங்கள்.”

“உமக்கும் ஒழுக்கிருக்கோ எண்டு பாத்தனான்.”

அது சோதனையா, மறதியா என்று ஜசிந்தா கேட்கவில்லை. வள்ளத்தை இரட்டைப் பனைக்கு நேரே திருப்பச் சொன்னாள். நண்டுகள் அங்கேதான் இருந்தன.