கருப்பசாமியிடம் நான் வேண்டிக்கொண்டது

கைபேசியில் மழை எச்சரிக்கை வந்தால் இன்றைக்கும் சாமி விளக்கை ஏற்றிவிட்டுத்தான் எனக்கு மற்ற வேலை. பிள்ளைகள் கேலி செய்யும். அதுகளுக்கு என்ன தெரியும்.

சாத்தூருக்கு மேற்கே எங்கள் ஊர். எப்போதும் காய்ந்து கிடக்கிற கண்மாய், நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் தீபாவளி முடிந்த கையோடு நிறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அமைச்சர் வந்து மதகைத் திறந்து, பாய்கிற தண்ணீரில் பூத்தூவப் போகிறார் என்றார்கள். பூத்தட்டுப் பிடிக்க டீச்சர் என்னைச் சொல்லியிருந்தார். அம்மா பச்சைப் பாவாடை தைத்தாள்.

மதகுக்குக் காவல் என் அப்பா. ஷட்டர் பூட்டுச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். புதன்கிழமை அவருக்குக் கஞ்சி கொண்டுபோனபோது கரையில் இன்ஜினியர் நின்றார். ஒன்றியத் தலைவரும் நின்றார். சீசனில் அப்பா வேலை பார்ப்பது அந்தத் தலைவருடைய பட்டாசுக் கம்பெனியில்தான்.

"கரையில தண்ணி கசியுதுங்க. நாளைக்குப் பெரிய மழைன்னு தகவல். இன்னைக்கே திறந்து விட்டாகணும்" என்று இன்ஜினியர் கீழே எங்கள் தெருவைக் கையால் காட்டினார்.

இன்றைக்கே திறந்துவிட்டால் என் பூத்தட்டு? மதகை ஒட்டி நிற்கிற கருப்பசாமியைக் கும்பிட்டேன். "சாமி, வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் தெறக்கக் கூடாது."

சாமி உடனே கேட்டுவிட்டது. தலைவர் சிரித்தார்.

"ஒங்க மழைய நம்பி, காயப்போட்ட வெடிய எத்தன தடவ அள்ளி உள்ள வச்சிருக்கோம் தெரியுமா சார்? ஒரு சொட்டு விழுந்துச்சா? நாளன்னைக்கு அமைச்சர் வாராக. வத்துன கண்மாய்லயா பூத்தூவச் சொல்றீக?"

அப்பா மெதுவாக, "மொதலாளி, எதுக்கும் ஒரு சாண் தெறந்து வைக்கட்டுமா?" என்றார்.

"ஏலே, நீ எப்ப இன்ஜினியருக்குப் படிச்ச? சாவிய இங்கன குடு."

வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வியாழன் விடிந்ததே மழையில்தான். அப்பா சாவிக்காகத் தலைவர் வீட்டுக்கு ஓடினார். அமைச்சரை அழைத்துவர அவர் மதுரை போயிருந்தார். அப்பா திரும்பி வந்து கடப்பாரையால் பூட்டை இடித்தார். பூட்டு உடைந்தபோது கரையும் உடைந்திருந்தது.

பள்ளிக்கூட மாடியில் நின்று எங்கள் தெரு போவதைப் பார்த்தோம். சாமி புண்ணியத்தில் மனிதர்கள் தப்பினோம். வீடு, ஆடுகள், அக்கா கல்யாணத்துக்குச் சேர்த்த பாத்திரம், பச்சைப் பாவாடை எல்லாம் தண்ணீரோடு போயின.

சொன்னபடி வெள்ளிக்கிழமை அமைச்சர் வந்தார். பூவுக்குப் பதில் அரிசிப்பை கொடுத்தார். "இயற்கை செஞ்சதுக்கு நாம என்ன செய்ய முடியும்" என்று தலைவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு மதகைக் காலத்தில் திறக்கத் தவறியது காவலாள்தான் என்று ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கையெழுத்துக் கேட்டார்கள். தலைவரே தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். பேனாவோடு சாவியும் வந்தது. அதை மட்டும் திரும்ப உள்ளே போட்டுக்கொண்டார்.

நான் பார்த்தேன். இன்ஜினியர் பார்த்தார். சுற்றி நின்ற ஊரே பார்த்தது. அப்பா கையெழுத்துப் போட்டார். யாரும் வாய் திறக்கவில்லை.

பாவம், இவர்களும் என்னைப்போல் கருப்பசாமியிடம் எதையோ வேண்டிக்கொண்டுவிட்டார்கள் போல என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.