சிவப்பு ரப்பர் பேண்டு

மூளையில் கட்டி என்று டாக்டர் சொன்னபோது நான் அழவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு, அது புற்று வகைதான் என்று சொன்னபோதும் அழவில்லை. வீட்டுக்காரர்தான் அழுதார், அவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தது நான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது, மாவு வாங்க வந்திருந்த பக்கத்துத் தெருப் பெண் என் தலைக்கட்டைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, "நீங்க கவலையேபடாதீங்க. நீங்க இல்லாதப்பகூட மாவு சூப்பர். உங்க கோ-சிஸ்டர் கையும் நல்ல கைதான்" என்றாள். அன்றைக்குத்தான் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீடு. மாடியில் நாங்கள், கீழே கொழுந்தனும் அவன் மனைவியும். கார் நிறுத்துவதற்கென்று கட்டிய இடத்தில் கார் வரவில்லை, கிரைண்டர் வந்தது. இட்லி மாவு வியாபாரத்தை ஆரம்பித்தது நான். அரிசியும் உளுந்தும் யார் வேண்டுமானாலும் அரைக்கலாம். கடைசியில் கல் உப்பைப் போட்டு, முழங்கை வரை விட்டுக் கலக்குகிற கை யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சில கைக்கு மாவு பொங்கும், சில கைக்குப் புளித்துத் தொலையும். எங்கள் தெருவில் இதை யாரும் சந்தேகிப்பதில்லை. என் கைக்குப் பொங்கும் என்று நாலு தெருவுக்குத் தெரியும். மாவு கலக்கும் வேலையை ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை யாருக்கும் விட்டதில்லை.

ஒரு சாயங்காலம் பாக்கெட் கட்டும்போதே வலிப்பு வந்து விழுந்தேன். பிறகு எல்லாம் சட்டுச்சட்டென்று நடந்தன. வலிப்பு வந்தவள் வண்டி ஓட்டக்கூடாது என்றார்கள். என் ஸ்கூட்டர் கொழுந்தன் மனைவிக்குப் போனது. கிரைண்டர் அவளுக்குப் போனது. என் பெயரில் மாடம்பாக்கம் கோயிலுக்குப் போய் விளக்குப் போடுவதும் அவள்தான், அதுவும் என் ஸ்கூட்டரிலேயே. திருநீறைக் கொண்டுவந்து என் நெற்றியில் வைப்பாள். கட்டி எனக்கு, புண்ணியம் அவளுக்கா என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடிக்கொள்வேன்.

தையல் ஆறியதும் கீழே இறங்கி வந்துவிட்டேன். அரைப்பதை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். முதல் ஈடு என்னுடையது, இரண்டாவது ஈடு அவளுடையது. அவரவர் குண்டானில் அவரவர் உப்புப் போட்டு, அவரவர் கையால் கலப்பது. "அக்கா, சிரமமா இருந்தா சொல்லுங்க" என்பாள். சிரமமாக இருந்தால்கூட உன்னிடமா சொல்வேன்?

அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். பெருங்களத்தூர் தாண்டி, ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் பாதி உயிர் போன பிறகு வரும் ஆஸ்பத்திரி. "மெதுவா வளர்ற வகை. ஆனா முழுசா எடுக்க முடியல. அதனால ரெண்டு வழி இருக்கு" என்றார். ஒன்று, இப்போதே கதிர்வீச்சு. எங்கள் பக்கம் அதைக் கரண்ட் வைப்பது என்பார்கள். வாரக்கணக்கில் தினமும் வர வேண்டும், அதன் பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. கட்டி பல வருடம் அடங்கிக் கிடக்க வாய்ப்பு உண்டு. ஆனால் வருடங்கள் போகப்போக ஞாபகசக்தி கொஞ்சம் மங்கலாம். இன்னொன்று, எதுவும் செய்யாமல் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பது. "கஷ்டத்தைத் தள்ளிப் போடலாம். ஆனா கட்டி நம்மகிட்ட சொல்லிட்டு வளராதும்மா."

"மாவு அரைக்கறேன் டாக்டர். அதைச் செய்யலாமா?" என்று கேட்டேன்.

"மாத்திரை சாப்பிடற காலத்துல எதிர்ப்பு சக்தி குறையும். பச்சை மாவுல கைய விட்டுக் கலக்கறதெல்லாம் வேணாம்."

அவ்வளவுதான், எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. டாக்டரம்மா விடவில்லை. "மறதி, குழப்பம் ஏதாவது இருக்கா?" என்றார். இல்லை என்றேன். வீட்டுக்காரரும், "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கா டாக்டர், வியாபாரமே பாக்கறா" என்றார். உங்களுக்கு எது முக்கியம் என்று யோசித்துவிட்டு அடுத்த மாதம் வந்து சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதிலைச் சொன்னேன். கரண்ட் வைத்தால் ஞாபகம் போய்விடுமாம், அதனால் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று யோசிக்கிறேன். நல்ல பதில்தான், யாரும் மறுத்துப் பேசவில்லை. உண்மை வேறு. மாதக்கணக்கில் என் குண்டானில் அவள் கை கிடக்கும். அதற்குள் நாலு தெருவும் என் கையை மறந்துவிடும். கட்டி வளர்வதைவிட அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. வயிறு எரிந்தது என்று சும்மா சொல்வார்கள். எனக்கு நிஜமாகவே எரிந்தது, அதற்கும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டேன்.

பிறகு ஒரு வேலை செய்தேன். என் மாவுப் பாக்கெட்டுக்குச் சிவப்பு ரப்பர் பேண்டு, அவளுடையதற்குப் பச்சை. "எது முதல் ஈடுன்னு தெரியணும்ல" என்று அவளிடம் சொன்னேன். "சரிக்கா" என்றாள். கேட்டில் நின்று விற்பது நான்தான். எது நன்றாக வந்தது என்று மறுநாள் வருகிறவர்களை விசாரிப்பேன்.

சிவப்புதான்! தண்ணி கேன் போடுகிற அண்ணன் கேனை இறக்கிவைத்துவிட்டு, "இன்னாக்கா மாவு இது, இட்லி சும்மா பஞ்சு மாரி கீது. செவப்பு ரப்பர் போட்டதே வாங்கினு வரச் சொல்லுது வூட்ல" என்றார். அவள் காதில் விழட்டும் என்று, "எது, சிவப்பா?" என்று உரக்கக் கேட்டேன். பக்கத்துத் தெருப் பெண்கூடச் சிவப்புக்கு மாறிவிட்டாள். அந்த மாதம் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். தலைக்குள் ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்பதே மறந்து போயிற்று. டாக்டரம்மாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதில் துளி சந்தேகமும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வாரம். மதியம் என் ஈட்டைக் கலந்து வைத்துவிட்டு மாடி ஏறினேன். போனைக் கீழேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்து திரும்பி வந்தேன். அவள் என் குண்டானைத் தூக்கி, தன் குண்டானில் மாவைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். முழங்கை வரை மாவு. "ஒண்ணுமில்லக்கா."

"எம் மாவ ஏன் அதுல ஊத்துற? உன் மாவு பொங்கலன்னு இப்படியா?" அறைந்திருப்பேன். குண்டான் குறுக்கே இருந்தது.

"உப்பு ரெண்டு தடவ போட்டுட்டீங்கக்கா" என்றாள்.

விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. ஒரு தடவை உப்புப் போட்டது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இன்னொரு தடவை போட்டதைத் தேடித்தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

"இன்னிக்கு மட்டுமா?"

அவள் மாவுக் கையைப் புடவையில் துடைத்தாள், துடைத்த இடத்திலேயே மறுபடி துடைத்தாள். "சில நாள் ரெண்டு தடவ போடுவீங்க. சில நாள் போடாமயே மேல போயிடுவீங்க. நான் என் மாவுல உப்பே போடாம வெச்சிருப்பேன். நீங்க போனதும் ருசி பாத்து, எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து, மறுபடி பிரிச்சு வெச்சுடுவேன்."

"அப்ப சிவப்பும் பச்சையும்?"

"ஒரே மாவுதான்க்கா."

நான் கிரைண்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். தண்ணி கேன் அண்ணன், பக்கத்துத் தெருப் பெண், எல்லோரும் மனசுக்குள் வரிசையாக வந்து போனார்கள். சிவப்பு எப்படி என்று நான் மூஞ்சியை அப்படி வைத்துக்கொண்டு கேட்டால், பாவம், அவர்கள் வேறு என்னதான் சொல்வார்கள்?

"ஏண்டி சொல்லல?"

"ஞாபகம் போயிடும்னுதானே கரண்ட் வேணாம்னீங்க. இப்பவே போகுதுன்னு நான் எப்படிக்கா சொல்றது?" என்றாள். அவள் அழ ஆரம்பித்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. அழ வேண்டியது நான். அதையும் அவளே எடுத்துக்கொள்கிறாள்.

டாக்டரம்மா அறையில் வழக்கமான கேள்வி வந்தது. மறதி ஏதாவது இருக்கா? வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள், "வெளிய ஒருத்தி உட்கார்ந்திருக்கா டாக்டர், அவளக் கேளுங்க" என்றேன். அவள் உள்ளே வந்து, தலையைக் குனிந்துகொண்டு, உப்பு விஷயத்தையெல்லாம் சொன்னாள். வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. "இது வலிப்பு மாத்திரையாலயும் இருக்கலாம், கட்டியாலயும் இருக்கலாம். முதல்ல ஸ்கேன் பாத்துடலாம்" என்றார் டாக்டரம்மா. ஸ்கேனில் கட்டி கொஞ்சம் பெருத்திருந்தது. இனியும் காத்திருக்கலாமா என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை. கரண்ட் வைத்துவிடுங்கள் என்றேன். ஞாபகம் மங்கலாம் என்பதை மறுபடியும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மங்குவதற்கும் நான் இருக்க வேண்டுமே டாக்டர் என்றேன்.

முதல் கரண்டுக்குப் போய்விட்டு வந்த நாள். வீடு வந்து சேரும்போது சாயங்காலமாகிவிட்டது, தலை பாரமாக இருந்தது. கேட்டில் அவள் மாவு விற்றுக்கொண்டிருந்தாள். மேஜை மேல் இரண்டு ஈட்டுப் பாக்கெட்டுகளும் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் சிவப்பு ரப்பர் பேண்டு.

"பச்ச எங்க?"

"தீந்துபோச்சுக்கா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பொய். மேஜைக்குப் பின்னால் டப்பா திறந்துதான் கிடந்தது, பச்சை அதில் கொத்தாக இருந்தது. அப்படியே மாடி ஏறினேன். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கும்போது கீழே யாரோ, "இது பெரியக்கா மாவுதானே?" என்று கேட்பதும், "ஆமா, அவங்க மாவுதான்" என்று அவள் சொல்வதும் கேட்டது.

அவள் இடத்தில் நானாக இருந்தால் எல்லாவற்றுக்கும் பச்சையைத்தான் போட்டிருப்பேன்.