சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள்

வளர்ச்சி தாமதப்பட்ட பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்த் தாய்மாருக்குப் பயிற்சி கொடுப்பது அவளுடைய வேலை. பிள்ளையிடம் அவள் கை வைக்கக் கூடாது. பெற்றவளைத்தான் செய்ய வைக்க வேண்டும். போகிற வீடெல்லாம் 'டீச்சர்' என்று கூப்பிடும். திரும்பிப் போய்த் திறக்கிற வீட்டில் கூப்பிட ஆளில்லை.

அப்படிப் போகிற ஒரு வீட்டில், சிட்டு என்கிற பெண் குழந்தைக்கு இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. சோப்புக் குமிழி ஊதிவிட்டு, குழந்தை கேட்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது பாடம். அம்மாக்காரியோ, சிட்டு முகத்தைச் சுருக்கியதுமே ஊதிவிடுவாள். அன்று டீச்சருக்குப் பொறுக்கவில்லை. குப்பியைப் பிடுங்கி, தானே ஊதி, நிறுத்தி, காத்திருந்தாள்.

குழந்தை அவள் கண்ணைப் பார்த்து, "தா" என்றது.

கதவோரம் நின்ற அம்மாக்காரியின் நாத்தனார் சும்மா இருப்பாளா? "பாத்தீங்களா அண்ணி, மூணாம் மனுஷங்ககிட்ட பேசுது! பெத்தவ கைக்குத்தான் ராசி இல்ல."

"ராசியாவது மண்ணாவது! உங்க அண்ணனுந்தான் பெத்தாரு. அவரு ராசிய யாராவது கேட்டீங்களா?" என்று டீச்சர் திருப்பிக் கேட்டாள்.

நாத்தனார் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். ஆனால் அம்மாக்காரியின் முகம் செத்துவிட்டது. "நீங்களே தெனம் வந்துருங்க டீச்சர். நான் செஞ்சா வராது."

பிள்ளைக்கு ஒரு குறையென்றால் தாயைக் கூண்டில் ஏற்றுகிற உலகத்தின்மேல் டீச்சருக்குத் தீராத ஆத்திரம். இன்று அந்தக் கூண்டுக்குப் பலகை எடுத்துக் கொடுத்தது தன் கையேதான்.

"தப்பு என் மேலம்மா. குப்பியப் பிடிங்க. ஊதிட்டு நிறுத்துங்க. அழுதாலும் அசையாதீங்க."

"உங்ககிட்டதான் வருவா."

"வரட்டும், பாக்கலாம்."

அம்மாக்காரி ஊதினாள், நிறுத்தினாள். சிட்டு நேரே டீச்சரிடம் வந்து முழங்காலில் உள்ளங்கையை வைத்தது. "தா."

அந்தச் சூடு துணியைத் தாண்டி இறங்கியது. அவளை யாரும் தொட்டுக் கூப்பிட்டு எத்தனையோ காலமாயிற்று. வாரி மடியில் வைத்துக்கொள்ள எவ்வளவு நேரமாகும்? டீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தையே உற்றுப் பார்த்தாள்.

கை இன்னொரு முறை தட்டியது. பிறகு விலகியது. தத்தித் தத்திப் போகும் காலடி. அம்மாக்காரி ஊதவில்லை, மூச்சுகூட விடவில்லை போலிருந்தது.

"ம்மா... தா."

அம்மாக்காரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வெடித்தன. "அண்ணி! இன்னொருவாட்டி ஊதுங்க அண்ணி!" என்று நாத்தனாரே ஓடி வந்தாள்.

டீச்சர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று, "வரேம்மா" என்றாள். யார் காதிலும் விழவில்லை. இரண்டாம் தடவை சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டாள்.