இரண்டாவது தாள்

திருத்தணி பேருந்து நிலையத்தை ஒட்டிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினோரு வருடமாக ஊசி குத்துகிறேன். அதனால், முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்று சென்னை டாக்டர் சொன்னபோது நான் பயப்படவில்லை. பயந்தது என் கணவர்தான்.

இடது கண் மங்கியதில் தொடங்கி, இடது கால் மரத்துப்போவதுவரை வந்திருந்தது. நரம்பின் மேலுறை உரிகிற நோய் என்று ஸ்கேன் பார்த்ததுமே டாக்டர் சந்தேகப்பட்டார். மேலுறை மட்டும்தான் போகிறதா, உள்ளிருக்கும் நரம்பிழையும் சேர்ந்து அறுகிறதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். இழை அறுந்தால் அதன் புரதம் அந்த நீரில் கசிந்திருக்கும்.

"கம்மியா இருந்தா இப்போ எழுதித் தர்ற மாத்திரையே போதும்மா. அதிகமா இருந்தா தள்ளிப்போடவே கூடாது, உடனே மருந்து ஏத்தணும்" என்றார். என் கால் பிழைக்குமா என்பது அந்த ஒரு எண்ணில் இருந்தது.

எனக்கு லீவு கிடைக்கவில்லை. ரிசல்ட் வாங்கக் கணவர் போனார். மாலை ரயிலில் திரும்பி வந்து ஒரு தாளை நீட்டினார். நோய் இன்னதென்று உறுதி செய்த தாள்; அந்த எண் அதில் இல்லை.

"இன்னொன்னு எங்கங்க?"

"அது டாக்டர் ஃபைல்ல கீது. கம்மியாதான் கீதாம். மாத்திரையே போதும்ன்டாரு."

தாளைப் பார்க்காமல் எந்த ரிசல்ட்டையும் நம்பாதவள் நான். அவரை நம்பினேன்.

அந்த ஆடிக் கிருத்திகைக்கு அவர் புஷ்பக் காவடி எடுத்தார். "முருகன் மேல எப்போலேர்ந்து இவ்ளோ பாசம்?" என்று கிண்டல் செய்துகொண்டே கூடப் படியேறினேன். பாதி மலையில் அழுதார். பக்தி என்று நினைத்தேன், முட்டாள்.

ஐப்பசியில் செருப்பு கழன்று விழுவதே தெரியாமல் நடக்க ஆரம்பித்தேன். மாத்திரை வேலை செய்தால் இப்படி ஆகாதே என்று சென்னை லேபுக்கே போன் போட்டு, சாம்பிள் நம்பரைச் சொன்னேன்.

"ரெண்டு தாளும் அன்னிக்கே குடுத்துட்டோமே. பேஷண்ட்கிட்ட வேல்யூ சொல்றதில்லைங்க. கூட வந்தவரைப் பேசச் சொல்லுங்க."

நான் தினமும் பேசுகிற பேச்சு அது. மோசமான ரிசல்ட் என்றால் கவரை ஒட்டி, கூட வந்தவர் கையில் கொடுத்து, "பக்குவமா சொல்லுங்க" என்று அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். நோயாளி எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

கேட்டதும் கணவர் பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து இரண்டாவது தாளை எடுத்தார். எண் மிக அதிகம். அந்த வாரமே என்னை அழைத்து வரச் சொல்லியிருந்தாராம் டாக்டர்.

"சொன்னா நீ ஒடஞ்சி பூடுவியேன்னு பயந்துகினு இருந்தேன். கிருத்திகை முடியட்டும், சாமி பாத்துக்கும்னு..." பிறகு கொஞ்சம் ரோஷத்தோடு, "நீ லேப்ல பண்றததானே நானும் பண்ணேன்?"

தாளை என் கைப்பையில் வைத்தேன். வேறு எதில் ஏமாற்றியிருந்தாலும் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். என் உடம்பின் சேதியை என்னிடமிருந்தே திருடி, அதன் மேல் என் புடவையை மடித்து வைத்திருக்கிறார்.

மறுநாள் டாக்டர் அறையில் எனக்குப் பதிலாக அவரே பேச ஆரம்பித்தார். "நீங்க வெளிய இருங்க" என்றேன். போனார்.

"போன நரம்பு திரும்ப வராதும்மா. மிச்சத்தைக் காப்பாத்தலாம்" என்றார் டாக்டர்.

"அன்னிக்கே வந்திருந்தா?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து, மருந்து ஏற்றுவதற்கான தேதியை எழுதினார்.